இரண்டடி ஏழு அங்குலம் ஓடிய கப்பல்

ஒரு வாக்கியத்தை உறுதிப்படுத்தி, அதன்கீழ்க் கையொப்பமும் இட்டு, கேகாலைக் கல்வி வலய அலுவலகத்துக்கு அனுப்பிவைத்த மறுநாளே, தோட்டத் தொழிலாளரின் வரிசைவீடான லயத்து வாசற்படியில் அமர்ந்திருந்த ஒரு பெண் ஒரே கேள்வியால் அதைத் தகர்த்துவிட்டார். நான் பண்டிதப் பரீட்சையில் தேறியவன். அவர் மூன்றாம் வகுப்போடு ரப்பர்ப் பால் வெட்டும் கத்தியை எடுத்தவர். அன்று தொடங்கிய அச்சம் இன்னும் என்னை விட்டு அகலவில்லை. ஆகவே, கண்ணால் கண்டதையும், காதால் நேரே கேட்டதையும், அடிக்கோலால் அளந்ததையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். பிறர் சொல்லி அறிந்ததைச் சேர்க்க நேர்ந்தால் சொன்னவர் இன்னார் என்று அவ்விடத்திலேயே குறிப்பேன். ஆண்டு எதுவென்று திட்டமாகச் சொல்ல இயலாது; அந்த நாட்குறிப்பைக் கறையான் தின்றுவிட்டது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி என்பது மட்டும் உறுதி. பெயர்களை விட்டதற்குக் காரணம் வேறு. இதில் வரும் சகோதரிகள் இருவரில் எவர் பெயரை முதலில் எழுதினாலும் மற்றவர் என்னோடு பேசமாட்டார்.

அப்போது நான் கேகாலை மாவட்டத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் பாடசாலையில் புதிதாக நியமனம் பெற்ற தமிழாசிரியன். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில் கல்வி வலயத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. தலைமுறைகள் கடந்த விளையாட்டுப் பொருள்களின் கண்காட்சி நடைபெறும். ஒவ்வொரு பாடசாலையும் ஒரு பொருளைக் கொண்டுவர வேண்டும். ஒரே குடும்பத்தில் குறைந்தது மூன்று தலைமுறையினர் அதே பொருளை வைத்து விளையாடியிருக்க வேண்டும். பொருளைப் பற்றிய விவர அட்டையைத் தீபாவளி விடுமுறைக்கு முன்னரே அனுப்ப வேண்டும். அட்டையில் உறுதிப்படுத்தப்பட்ட தகவல்கள் மட்டுமே இடம்பெற வேண்டும். கடைசி வரியை வாசித்தபோது எனக்கு அந்தச் சுற்றறிக்கையை எழுதியவர்மேல் பெருமதிப்பு உண்டாயிற்று.

லயம் லயமாகச் சென்று விசாரித்தேன். எல்லாரும் முதலில் பம்பரத்தைத்தான் காட்டினார்கள்.

“பம்பரம் எங்க வீட்டுல நாலு தலைமுறையா இருக்குங்க, சேர்.”

“இதே பம்பரமா?”

“இது போன வெள்ளிக்கெழம வாங்குனதுங்க.”

பம்பரத்துக்கு அழிவில்லை, ஆனால் எந்தப் பம்பரமும் இரண்டு மழைக்காலத்தைத் தாண்டுவதில்லை. கோலிக்குண்டு வடிகால் கான்களில் உருண்டு போகிறது. பட்டம் ரப்பர் மரத்தில் மாட்டிக்கொள்கிறது. கிட்டிப்புள்ளை அடுப்பில் வைக்கிறார்கள். ஒட்டுப்பாலைச் சுற்றிச் செய்யும் பந்து ஒன்றுதான் நெடுங்காலம் தாங்கும். பால் வெட்டிய கீறலில் மறுநாள் காய்ந்து நாடாவாக உரிந்து வருவதே ஒட்டுப்பால். அதைப் பந்தாகச் சுற்றினால் கூரைக்குமேல் துள்ளும். ஆனால் ஒட்டுப்பால் தோட்டத்துக்குச் சொந்தம். ரப்பர் என்று பெயர்கொண்ட எதையும், அது விரல்நக அளவானாலும், அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்து வாயிலுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. களவு போன பொருளைக் கல்வி வலயத்தில் காட்சிக்கு வைக்க நான் விரும்பவில்லை.

ஒன்பதாவது வீட்டில்தான் கப்பலைக் கண்டேன்.

தகரத்தால் ஆன சிறிய கப்பல். முக்கால் அடி நீளம். திருவிழாக் கடைகளில் இன்றும் விற்கிறார்கள். நடுவில் ஒரு சிறு தகரப்பெட்டி. அதிலிருந்து இரண்டு மெல்லிய குழாய்கள் பின்பக்கமாக அடியில் நீண்டு திறந்திருக்கும். குழாய்களில் நீர் நிரப்பி, பெட்டிக்குக் கீழே ஒரு சுடரை வைத்தால், நீர் கொதித்துக் குழாய்வழியே வெளியே துப்பும், பிறகு வெளிநீரை உள்ளே உறிஞ்சும், மீண்டும் துப்பும். டக், டக் என்ற ஓசையோடு கப்பல் முன்னே செல்லும். தோட்டத்தில் அதற்கு டக்டக் கப்பல் என்று பெயர்.

அதன் உடைமையாளர் முப்பது வயதைக் கடந்த, பால்வெட்டும் பெண். சகோதரிகளில் இளையவர். பாட்டனார் வாங்கியது, தந்தை ஓட்டியது, தாமும் அக்காளும் ஓட்டியது என்று அவர் சொன்னார். பக்கத்து வீட்டு முதியவர் இருவர் தனித்தனியே அதை உறுதிப்படுத்தினர். மூன்று தலைமுறை சரியாயிற்று.

“ஆனா இது என் ஒருத்திக்குச் சொந்தமில்லைங்க, சேர்,” என்றார் அவர். “அப்பா செத்தப்ப எனக்கும் அக்காவுக்கும் இதால சண்ட. ரெண்டு பேரும் பேச்ச விட்டுட்டோம். அப்புறம் லயத்துப் பெரியவங்கதான் பேசி முடிச்சாங்க. ஒரு வருசம் அவ கிட்ட, ஒரு வருசம் என் கிட்ட. தீவாளிக்குத் தீவாளி கை மாறும்.”

அக்காள் வாழ்க்கைப்பட்டது உள்நாட்டு மலைப்பக்க ஊரான எஹலியகொடவுக்கு அருகே ஒரு தோட்டத்தில். ஆண்டில் ஒருநாள், தீபாவளியன்று, சகோதரிகள் சந்தித்தார்கள். கப்பலை வாங்கவோ கொடுக்கவோ வரவேண்டியிருந்ததால் சந்தித்தார்கள், வந்ததால் சாப்பிட்டார்கள், சாப்பிட்டதால் மாலைவரை இருந்தார்கள். மற்ற நாள்களில் ஒரு கடிதமும் கிடையாது.

“கப்பல் இல்லன்னா அக்கா இந்தப் படிய மிதிக்க மாட்டா. அதான் நான் இதப் புள்ளைய விடப் பத்தரமா வச்சிருக்கேன். இந்தத் தீவாளிக்கு அவ மொற. கண்காட்சி முடிஞ்சு தர்றேன்னு அவ கிட்ட நான் கேட்டுக்கிறேன். முழுசா கண்ணுல காட்டிட்டாப் போதும்.”

அட்டையில் ‘சிறப்பு’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என்ன எழுதலாம் என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது.

“எங்க தாத்தா இத ரப்பர் பால்லயே ஓட்டுனாருங்க.”

“நீங்கள் பார்த்தீர்களா?”

“அப்பா சொன்னாரு. அக்கா மட்டும் பொய்யின்னுவா. அவளுக்கு எது சொன்னாலும் பொய்தான்.”

‘பாலில் ஓடியதாகக் கூறப்படுகிறது’ என்று எழுதி அன்றே அட்டையை அனுப்பியிருக்கலாம். ஆனால் கூறப்படுகிறது என்னும் சொல் எழுதுபவனின் சோம்பலை மறைக்கும் போர்வை என்று என் ஆசிரியர்கள் எனக்குக் கற்பித்திருந்தார்கள். கப்பல் இருக்கிறது, பாலோ தோட்டத்தில் நாள்தோறும் தொட்டி தொட்டியாக வந்து நிற்கிறது. சோதித்துப் பார்த்து எழுதுவதே முறை என்று நான் சொன்னேன். அவர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார்.

தீபாவளிக்கு முதல்நாள் நண்பகல் கடந்து நாங்கள் ஸ்டோருக்குப் போனோம். ரப்பர்த் தொழிற்சாலையைத்தான் அங்கே ஸ்டோர் என்கிறார்கள். அதன் பொறுப்பாளரை ஸ்டோர் ஐயா என்பார்கள். பருத்த உடலும் உரத்த குரலும் கொண்ட மனிதர்.

“பால்ல கப்பல் ஓடுமா?” என்று அவர் சிரித்தார். “பால் கெட்டிம்மா. அது குழாய்க்குள்ள போகாது. உன் தாத்தா தோட்டத்துல புளுகாத பொய்யா?”

“ஓடுச்சின்னா என்னா செய்வீங்க, ஐயா?”

“ஓடட்டும், அப்புறம் பாப்போம்.”

அன்றைய பால் வடிகட்டப்பட்டுத் தண்ணீர் கலந்து ஒரு நீண்ட தொட்டியில் நின்றது. இதன் பிறகு அதில் அமிலம் ஊற்றிக் கலக்கி, உடனே வரிசையாகத் தகடுகளைச் செருகுவார்கள். தகடுகளுக்கிடையே பால் கட்டிகளாக உறையும். மறுநாள் அக்கட்டிகளை உருளைகளில் கொடுத்துத் தாளாக இழுத்துப் புகையறையில் தொங்கவிடுவார்கள். மறுநாள் தீபாவளி என்பதால் மாலைக்குள் உருட்டி முடித்துவிடும் அவசரம் எல்லாருக்கும் இருந்தது.

ஸ்டோர் ஐயா தொட்டியை எட்டிப் பார்த்தார். “தகடு இன்னும் போடல. அப்ப அசிட்டு இன்னும் ஊத்தல. சரி, வுடு கப்பல.”

அவருடைய அனுமானத்தில் பிழையில்லை. அமிலம் ஊற்றியபின் தகடு போடாமல் எவரும் நின்றது அந்த ஸ்டோரில் அதுவரை நிகழ்ந்ததில்லை.

இளையவர் கப்பலின் குழாய்களில் வாயால் தண்ணீர் ஊதி நிரப்பினார். சுடருக்கு மெழுகுதிரி கிடைக்காததால், தீபாவளிக்கு வாங்கிய கற்பூரத்தில் ஒரு வில்லையைத் தகரக் கரண்டியில் வைத்துக் கொளுத்தினார். கற்பூரம் எரிந்ததும் சுற்றி நின்றவர்களில் இருவர் அனிச்சையாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டனர். ஸ்டோர் ஐயாவும் தொப்பியைக் கழற்றினார். பிறகு எதற்குக் கழற்றினோம் என்று விளங்காமல் மீண்டும் வைத்துக்கொண்டார்.

கப்பல் ஓடியது.

வெண்மையான அந்தப் பரப்பின்மேல், கற்பூரச் சுடரோடு, டக் டக் என்று அது முன்னே சென்றதை நான் கண்டேன். ஓசையை எண்ணினேன்: பதினொன்று. பன்னிரண்டாவது ஓசை எழவில்லை. கப்பல் நின்றது. கற்பூரம் தொடர்ந்து எரிந்து அணைந்தது.

“ஓடுச்சா இல்லியா?” என்றார் இளையவர்.

“நின்னுருச்சா இல்லியா?” என்றார் ஸ்டோர் ஐயா.

“ஓடாம எப்படி ஐயா நிக்கும்? ஓடுனதுதான நிக்கும்?”

“நிக்கிறது எப்படிம்மா ஓட்டமாகும்?”

இந்த விவாதம் ஸ்டோர்க் கடிகாரத்தின்படி முப்பத்தைந்து நிமிடம் நடந்தது. கூரையில் மழை விழத் தொடங்கியது. ஒருவர் காற்றுத்தான் தள்ளியது என்றார். இன்னொருவர் கற்பூரத்துக்கு அந்த மகிமை உண்டு என்றார். நான் ஓட்டம் என்னும் சொல்லின் பொருளை எடுத்து விளக்கினேன், எவரும் கேட்கவில்லை. கடைசியில் இளையவர் இரண்டாம் முறை ஓட்டிக் காட்டுவதற்காகக் கப்பலை எடுக்கக் கை நீட்டியவர், எடுக்காமல் விரலால் பரப்பை அழுத்திப் பார்த்தார்.

“ஐயா, இது பால் இல்ல. தயிரு.”

எல்லாரும் குனிந்தோம். தொட்டி முழுவதும் உறைந்திருந்தது. பெருநாள் அவசரத்தில் அமிலம் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே விழுந்திருக்கிறது. ஊற்றியவர் எங்கே என்று ஸ்டோர் ஐயா கூவினார். அவர் எங்களுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். இரு கைகளிலும் தொட்டிக்குப் போட வேண்டிய தகடுகள்.

“ஊத்திட்டுத் தகடு கழுவப் போனேங்க. வந்து பாத்தா கப்பல் ஓடுது. நானும் பாத்துக்கிட்டு நின்னுட்டேன்.”

“சொல்லித் தொலைக்கக் கூடாதா?”

“ஐயா கேக்கலீங்களே.”

கப்பலின் அடிப்பாகம் முழுவதும் ரப்பருக்குள் சிக்கியிருந்தது. மேல்கூரையும் முகப்பும் மட்டும் வெளியே தெரிந்தன. இழுக்கலாம் என்று ஒருவர் கை வைத்தார். இளையவர் அவர் கையைத் தட்டிவிட்டார். குழாய்கள் இரண்டும் அடியில்தான் இருக்கின்றன. அவருடைய தந்தையின் காலத்திலேயே இருமுறை ஈயம் வைத்து ஒட்டப்பட்டவை. இழுத்தால் கப்பல் மேலே வரும், குழாய்கள் கீழே நின்றுவிடும்.

“நாளைக்கு அக்கா வருவா,” என்றார் அவர். குரலில் இருந்த விளையாட்டு முற்றும் போய்விட்டது. “என்னத்தக் காட்டுவேன்? இதப் பாத்தா அப்படியே திரும்பிப் போயிருவா. அப்புறம் வரவே மாட்டா.”

ஸ்டோர் ஐயா தொப்பியை மறுபடி கழற்றினார். இம்முறை காரணத்தோடு. நீண்ட கத்தி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, கப்பலைச் சுற்றி ஒரு முழ நீளமும் ஒரு சாண் அகலமுமாகத் தாமே கவனமாக வெட்டினார். கப்பல் கட்டியோடு வெளியே வந்தது. எஞ்சிய பகுதியில், மேற்பரப்பு முன்பே ஆடை கட்டியிருந்ததால், கப்பல் வந்த வழி ஒரு சுருக்கமாகப் பதிந்திருந்தது. என் அடிக்கோலால் அதை அளந்தேன். இரண்டடி ஏழு அங்குலம். அந்த வெண்பரப்பில் ஒரு சான்றைக் கண்ட மகிழ்ச்சியில், பக்கத்தில் ஒருவர் துயருற்று நிற்பதைக்கூட அக்கணம் மறந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அன்று மாலையே, ‘இக்கப்பல் ரப்பர்ப் பாலில் இரண்டடி ஏழு அங்குலம் ஓடியது, நேரிற் கண்டு அளந்து உறுதிப்படுத்தப்பட்டது’ என்று எழுதிக் கையொப்பமிட்டு, கேகாலைக்குப் போகும் பேருந்தில் அட்டையை அனுப்பினேன்.

மறுநாள் காலை என்னை அழைத்துவர ஆள் வந்தது. சாட்சி சொல்ல வேண்டுமாம்.

அக்காள் வாசற்படியில் அமர்ந்திருந்தார். உயரமானவர், மடியில் துணிப்பை. கப்பலைக் கண்ணால் காணாமல் வீட்டுக்குள் போவதில்லை என்பது அவர் வழக்கம். இளையவர் ஒரு தாம்பாளத்தில் முறுக்கையும் அதிரசத்தையும் பரப்பி, நடுவில் ரப்பர்க் கட்டியை வைத்துக் கொண்டுவந்தார். பலகாரங்களால் அது சற்று மறையும் என்று எண்ணினார் போலும். மறையவில்லை.

மூத்தவர் குனிந்து பார்த்தார்.

“இது என்னாடி?”

“கப்பல்.”

“கப்பலு தெரியுது. அதுக்குக் கீழ?”

“ரப்பரு.”

“கப்பலுக்குக் கீழ எதுக்குடி ரப்பரு?”

“சேர் கேட்டாரு,” என்று இளையவர் என்னைக் காட்டினார்.

நான் சுற்றறிக்கை தொடங்கித் தகடு கழுவிய மனிதர்வரை நடந்தவற்றை வரிசைப்படி எடுத்துரைத்தேன். மூத்தவர் இடைமறிக்காமல் கேட்டார்.

“சேர் பேசறது ரேடியோவுல செய்தி படிக்கிற மாதிரியே இருக்கு,” என்றார். “எல்லாம் வருது. யாரு தப்பு பண்ணாங்கன்னு மட்டும் வரல.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். இளையவர் தாம்பாளத்தோடு அப்படியே நின்றார்.

“ஓடுச்சுக்கா,” என்றார் இளையவர் மெல்ல. “தாத்தா சொன்னது நெசம். பால்ல ஓடுச்சு.”

மூத்தவர் திரும்பினார்.

“பால்லயா? எம்புட்டு?”

“இரண்டடி ஏழு அங்குலம்,” என்றேன் நான்.

அவர் மீண்டும் அமர்ந்தார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“வுடறதுக்கு முன்ன குழாயில என்னா ஊத்துனீங்க?”

“தண்ணீர்,” என்றேன்.

“அப்ப அது தண்ணியிலதான ஓடியிருக்கு? பால் மேல மெதந்துச்சு, சரி. ஓடுனது உள்ள இருந்த தண்ணியில. இதுல எங்க தாத்தா நெசம் வந்திச்சு?”

நான் கையொப்பமிட்ட அட்டை அந்நேரம் கேகாலையில் ஏதோ ஒரு மேசையில் இருந்தது.

“அக்கா, நீ ரொம்பப் பேசாத,” என்று இளையவர் தாம்பாளத்தைக் கீழே வைத்தார். “பதினோரு தடவ டக்கு டக்குன்னுச்சு. ஒவ்வொரு தடவையும் உள்ள இருக்கறதத் துப்பும், வெளிய இருக்கறத உறியும். மொத ரெண்டு மூணுலயே தண்ணி போயிருக்கும். மத்ததெல்லாம் பால்தான்.”

“பால உறிஞ்சிருந்தா குழாய்க்குள்ள ரப்பரு இருக்கணும்.”

“இருக்கு.”

“பாத்தியா?”

“இல்லன்னு நீ பாத்தியா?”

“நல்லா வெளிச்சத்துல காட்டு,” என்று மூத்தவர் கட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். வாசலில் மழை இருட்டு. உள்ளே மின்விளக்கு எரிந்தது. அவர் படியைத் தாண்டி உள்ளே போனார். தாம் உள்ளே போய்விட்டதை அவர் கவனித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

விளக்கின்கீழ் வைத்து இருவரும் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. வெட்டிப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் வழக்குத் தீர்ந்துவிடும். இளையவர் கத்தியை எடுத்தும் வந்தார். மூத்தவர் அதைப் பார்த்துவிட்டுத் தங்கையைப் பார்த்தார்.

“வெட்டுனா குழாய் போயிரும்.”

“ஆமா.”

“குழாய் போனா கப்பல் போயிரும்.”

“ஆமாக்கா.”

கத்தி அடுப்பங்கரைக்குத் திரும்பியது. மூத்தவர் தேநீர் கேட்டார். பிறகு அதிரசம் பதமில்லை என்றார். மாலைவரை இருந்தார்.

புறப்படும்போது ஒரு நிபந்தனை விதித்தார். இந்த ஆண்டு தம் முறை; கட்டியை அப்படியே கொண்டுபோவார்; எவரும் மற்றவருக்குத் தெரியாமல் வெட்டக் கூடாது. இளையவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆகவே, இரகசியமாக வெட்டினால் தெரியும்படி கட்டியின் நான்கு பக்கங்களிலும் என்னைக் கையொப்பமிடச் சொன்னார்கள். அழியாத மைப்பென்சிலால் இட்டேன். ஈரமான ரப்பரில் எழுதுவது எளிதன்று.

அடுத்த சிக்கல் வாயிலில். கப்பலைக் கொண்டுபோகலாம், ரப்பரைக் கொண்டுபோகக் கூடாது. ஸ்டோர் ஐயாவின் வீட்டுக்குப் போனோம். பெருநாள் உணவுக்குப் பின் உறங்கிக்கொண்டிருந்தவர் எழுந்துவந்து அனுமதிச் சீட்டை எடுத்தார். பொருளின் பெயர் என்னும் இடத்தில் பேனா நின்றது. ரப்பர்த் தாள் என்றால் அது இன்னும் தாளாக இழுக்கப்படவில்லை. ஒட்டுப்பால் என்றால் அது மரத்திலிருந்து உரிந்ததில்லை. அவர் என்னைப் பார்த்தார். ‘கப்பல் ஒன்று, அதனின்று பிரிக்க இயலாத ரப்பர் உடன்’ என்று எழுதிக்கொடுத்தேன். அவர் கையொப்பமிட்டார்.

வாயிற்காவலர் சிங்களவர். சீட்டை வாசிக்கச் செய்து கேட்டுவிட்டு, கட்டியை முகர்ந்து பார்த்து, இந்த நெவ, அதாவது கப்பல், கொழும்புத் துறைமுகத்துக்கா போகிறது என்று தம் மொழியில் வினவினார்.

“நே, எஹலியகொடட்ட,” இல்லை, எஹலியகொடவுக்கு என்று மூத்தவர் முகம் மாறாமல் அவர் மொழியிலேயே விடை சொன்னார்.

“அப்ப கடல்ல தண்ணி ஏறணுமே,” என்று காவலர் தமிழில் கூறி, வாயிலின் தடுப்புக் கம்பை உயர்த்தி வழிவிட்டார்.

பேருந்தில் போகும் வழியிலே, போர்க்கால இராணுவச் சோதனையின்போது ஒரு சிப்பாய் கட்டியை விரலால் குத்திப் பார்த்ததாகவும், அது விரலைத் திருப்பித் தள்ளியதால் அவர் இன்னொரு சிப்பாயை அழைத்துக் குத்தச் சொன்னதாகவும், இறுதியில் அனைவரும் ஒவ்வொருமுறை குத்திவிட்டு அனுப்பியதாகவும் மூத்தவர் பின்னர் சொன்னார். இது அவர் கூற்று, நான் உடனிருக்கவில்லை.

விடுமுறை முடிந்ததும் கேகாலைக்குச் சென்று என் அட்டையைக் கேட்டு வாங்கி, ‘ரப்பர்ப் பாலில்’ என்னும் சொற்களின்மேல் ஒரு தாள்துண்டை ஒட்டி, ‘ரப்பர்ப் பாலின்மீது’ என்று திருத்தினேன். அலுவலக எழுதுவினைஞர் இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டார். விளக்கினேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கண்காட்சியன்று எங்கள் மேசையில் அந்த அட்டை மட்டும் இருந்தது. நடுவர்களில் ஒருவர் பொருள் களவு போயிற்று என்று கருதி என்னிடம் வருத்தம் தெரிவித்தார்.

அடுத்த தீபாவளிக்குக் கட்டி திரும்பி வந்தது. வெண்மை போய்த் தேன்நிறமாகி, ஒரு விரல் அளவு சுருங்கியிருந்தது. என் கையொப்பங்களும் அதனோடு சுருங்கியிருந்தன. ஆயினும் வாசிக்க முடிந்தது. இளையவர் ஒவ்வொரு பக்கமாக ஆராய்ந்து, பின்மூலையில் ஒரு பள்ளத்தைக் கண்டார்.

“இந்த ஓட்ட யாரு போட்டது?”

“எலி.”

“எலி எங்கயாச்சும் ரப்பர் திங்குமா?”

“எங்க தோட்டத்து எலி திங்கும். வந்து பாரு.”

இளையவர் போய்ப் பார்த்தார். அது தைப்பொங்கலுக்கு. அக்காள் வீட்டுக்கு அவர் சென்றது அதுவே முதல்முறை. எலியைக் கண்டதாகச் சொன்னார். அது ரப்பர் தின்னும் எலியா என்பதை உறுதிசெய்ய முடியவில்லையாம். பதிலுக்கு மூத்தவர் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னறிவிப்பின்றி வந்திறங்கினார். கட்டி அப்போது தங்கையிடம் இருந்தது. வெட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவே வந்ததாக அவர் வெளிப்படையாகக் கூறினார். நான் அத்தோட்டத்தில் இருந்த ஆண்டுகளில் அவர்கள் சந்திப்பு ஆண்டுக்கு ஒன்றிலிருந்து ஐந்தாக உயர்ந்ததை நான் அறிவேன். இதைச் சமாதானம் என்று எழுத எனக்கு ஆதாரம் இல்லை. கேட்டபோதெல்லாம் இருவரும் அதைச் சந்தேகம் என்றே சொன்னார்கள்.

ஸ்டோர் ஐயா ஓய்வுபெற்றார். அவருக்குப்பின் வந்தவர் அனுமதிச் சீட்டு எழுத மறுத்தார். பழைய சீட்டின் அடிக்கட்டையைக் காட்டியதும் அதையே பார்த்து எழுதினார். அவருக்குப்பின் வந்தவரும் அவ்வாறே. நான் இரத்தினபுரிக்கு இடமாற்றம் பெற்றேன். ஆயினும் கையொப்பத்தைச் சரிபார்க்கத் தீபாவளிதோறும் என்னை வரவழைத்தார்கள். ஓராண்டு சுகவீனத்தால் போக இயலவில்லை. அந்த ஆண்டு கட்டி கைமாறவில்லை, மூத்தவர் இரண்டு நாள் தங்கையின் வீட்டிலேயே தங்கிக் காத்திருந்தார் என்று கடிதம் வந்தது.

நான் அதை இறுதியாகப் பார்த்தது போர் முடிந்த ஆண்டின் தீபாவளியன்று. கட்டி தார்போல் கறுத்து, மரம்போல் கடினமாகியிருந்தது. கப்பலின் கூரை மட்டும் துருவேறித் தெரிந்தது. என் கையொப்பம் ஒரு பக்கத்தில் மட்டும், அதுவும் என் கையொப்பம் என்று எனக்குத் தெரிந்ததால் மட்டுமே, தெரிந்தது. இளையவரின் உறவினர் ஒருவர் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் ஊழியர். வெட்டாமலே பார்க்கலாம், எக்ஸ்ரே எடுத்தால் குழாய்க்குள் இருப்பது தெரிந்துவிடும், பேசிப் பார்க்கிறேன் என்று அவர் அன்று அங்கே சொன்னார்.

சகோதரிகள் இருவரும் ஒரே நேரத்தில் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“அதுக்கு என்னா நோயி?” என்றார் மூத்தவர்.

“தண்ணியா இருந்தா இந்நேரம் காஞ்சிருக்கும், குழாய் காலியா இருக்கும். ரப்பர்னா அடைச்சிருக்கும். எடுத்தா தெரிஞ்சிருமே, பெரியம்மா.”

“தெரிஞ்சு?”

இளையவர் கட்டியைப் பழைய துணியில் சுற்றி அக்காளின் பையில் வைத்தார். “அடுத்த மாசம் வந்து பாப்பேன்,” என்றார். “வா, வா. எலியும் ஒன்னக் கேட்டுச்சு,” என்றார் மூத்தவர்.

பாட்டனார் கப்பலைப் பாலில் ஓட்டினாரா என்பது தெரியவில்லை. பதினோராவது ஓசையோடு அது நின்றது பால் குழாயை அடைத்ததாலா, தொட்டி உறைந்ததாலா என்பது தெரியவில்லை. பின்மூலைப் பள்ளத்தை எலிதான் கடித்ததா என்பது தெரியவில்லை. கட்டியின் அடியில் உள்ள இரண்டு குழாய்களும் காலியாக இருக்கின்றனவா, ரப்பரால் நிறைந்திருக்கின்றனவா என்பதும், அவை இன்னும் கப்பலோடு ஒட்டியிருக்கின்றனவா என்பதும் இதுவரை எவருக்கும் தெரியாது.